லீட்டா, லெட்டா? ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியனோட கேள்வியும் என் பதிலும்

இந்த லெட்டர் எழுதினவங்களுக்கு 27 வயசு. டெல்டா பக்கம் ஒரு கிராமம், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் ரேடியோகிராஃபி டிப்ளமோ, இப்போ அஞ்சு வருஷமா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே டெக்னீஷியனா இருக்காங்க. அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்திட்டேன், பேரை மல்லிகான்னு வச்சுக்குவோம்.

நாலு மாசத்துக்கு முன்னாடி ஆடிட் வரப்போகுதுன்னு ஆஸ்பத்திரியில எல்லா டிபார்ட்மென்ட் ஆளுங்களையும் ஒரு ஹால்ல உக்கார வச்சு பேசச் சொல்லியிருக்காங்க. மல்லிகா எந்திரிச்சு, எக்ஸ்ரே ரூம்ல கதிர் உடம்புல படாம இருக்க போட்டுக்கிற ஏப்ரன் எத்தனை இருக்கு, அதை எப்படி செக் பண்றோம்னு இங்கிலீஷ்ல சொல்லும்போது "லீட் ஏப்ரன், லீட் ஏப்ரன்"னு அஞ்சாறு தடவை சொல்லியிருக்காங்க. முன்னாடி உக்காந்திருந்த ஒரு சீனியர் டாக்டர், "அந்த ஏப்ரன் யாரை லீட் பண்ணப் போகுது?"ன்னு கேக்க ஹாலே சிரிச்சிருக்கு. அன்னையிலருந்து கேன்டீன்ல ரெண்டு மூணு பேர் இவங்களை "லீட் மேடம்"னுதான் கூப்பிடுறாங்களாம்.

அதோட நிக்கல. அப்புறம் வேற ஒரு ஆஸ்பத்திரிக்கு சீனியர் டெக்னீஷியன் வேலைக்கு இன்டர்வியூ போயிருக்காங்க, "லெட்"தான் கரெக்ட்னு மனசுல பதிஞ்சு போனதால "ஐ வான்ட் டு லெட் எ டீம்"னு சொல்லியிருக்காங்க, அங்க இருந்த மேடம் மெதுவா "லீட்"னு திருத்தியிருக்காங்க. ரெஸ்யூமேல "ரெண்டு வருஷம் நைட் ஷிஃப்டை லீட் பண்ணேன்"னு இங்கிலீஷ்ல எழுதியிருந்த வரியையும் ஸ்பெல்லிங் தப்புன்னு பேனாவால சுழிச்சு காமிச்சிருக்காங்க. அவங்க இவங்களை வேண்டாம்னு சொல்லல, அடுத்த மாசம் ரெண்டாவது ரவுண்டுக்கு கூப்பிட்டிருக்காங்க, ஆனா மல்லிகாவுக்கு போக பயமா இருக்கு. "ஒரே எழுத்து, நான் எப்படி சொன்னாலும் தப்பாவே போகுது, தமிழ் மீடியம் படிச்சது என் தலையெழுத்தா மேடம்?"னு கேட்டு, கூடவே நாலு கேள்வி: எது சரி, இதுக்கு ரூல் இருக்கா, 28,000 ரூபா கட்டி ஆக்சென்ட் கோர்ஸ் சேரலாமா, கிண்டல் பண்றவங்க மேல ஆஸ்பத்திரியில இருக்கிற பெண்கள் கமிட்டியில புகார் குடுக்கலாமா.

மல்லிகா, உங்க லெட்டரை நான் மூணு தடவை படிச்சேன்மா. 22 வருஷமா நர்சிங், பாராமெடிக்கல் படிக்கிற பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன், கவுன்சிலிங்கும் பண்றேன். உங்களை மாதிரி வேலையில கெட்டிக்காரங்களா இருந்து ஒரு சிரிப்புல வாய் அடைச்சுப் போன பொண்ணுங்களை நிறைய பாத்திருக்கேன், அதனால அவசரமா "தைரியமா பேசுங்க"ன்னு சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. முதல்ல அந்த வார்த்தையை முழுசா பாத்துரலாம், ஏன்னா உங்க பயத்துல பாதி அது என்னன்னு தெளிவா தெரியாததால வர்ற பயம்.

அது ஒரு வார்த்தையே இல்ல, ரெண்டு வார்த்தை

"ஒரே வார்த்தைக்கு ரெண்டு உச்சரிப்பு"ன்னு எழுதியிருக்கீங்க. இங்கதான் முதல் சிக்கல். எல், இ, ஏ, டின்னு எழுதுற அந்த ஸ்பெல்லிங்குக்குள்ள ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு வார்த்தை குடியிருக்கு. ஒண்ணு, முன்னாடி போய் வழி காட்டுறது, நடத்துறது, அது லீட். இன்னொண்ணு, பூமியிலருந்து தோண்டி எடுக்கிற கனமான உலோகம், தமிழ்ல காரீயம், அது லெட். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பேசின பழைய இங்கிலீஷ்லயே இது ரெண்டும் தனித்தனி வார்த்தை, அப்புறம் ரெண்டுலயும் நெடில் சத்தம்தான் இருந்துச்சு, ஸ்பெல்லிங்கும் காலப்போக்குல ஒண்ணாயிருச்சு. ஆனா உலோகத்தோட பேர்ல மட்டும் அந்த நெடில் குறுகி குறிலாயிருச்சு. பிரெட், ஹெட், டெட் இதுக்கெல்லாம் ஸ்பெல்லிங் பாருங்க, எல்லாத்துலயும் இ, ஏ, டி இருக்கும், எல்லாமே குறில்தான், நம்ம லெட் அந்த வீட்டுப் பிள்ளை. லீட் மட்டும் நெடிலாவே இருந்து "ஈ"ன்னு மாறி நின்னுருச்சு, எழுத்தை யாரும் மாத்தல.

அமெரிக்கன் ஒரு மாதிரி, பிரிட்டிஷ் ஒரு மாதிரி சொல்றாங்களோன்னு உங்களுக்கு ஒரு சந்தேகம். அது இல்லம்மா. உலோகத்துக்கு ரெண்டு ஊர்லயும் லெட்தான், நடத்துறதுக்கு ரெண்டு ஊர்லயும் லீட்தான்.

இதே சங்கதி நம்ம தமிழ்லயும் இருக்கு, நாம கவனிக்கிறதில்ல, அவ்வளவுதான். "அவனுக்கு தண்ணியில கண்டம்"னு ஒரு பாட்டி சொன்னா அந்த முதல் எழுத்து கங்கைல வர்ற க மாதிரி வரும். "ஆசியா பெரிய கண்டம்"னு டீச்சர் சொன்னா அது கண், கல்லுல வர்ற க. எழுத்து ஒண்ணு, வார்த்தை ரெண்டு. தீப்பந்தம் பிடிக்கிற பந்தம் வேற, சொந்தபந்தத்துல வர்ற பந்தம் வேற. கச்சேரியில ராகம் தானம் பல்லவின்னு பாடுற தானம் வேற, அன்னதானத்துல வர்ற தானம் வேற. இதையெல்லாம் நீங்க எந்த ரூலையும் படிச்சு கத்துக்கல, தப்பாவும் சொல்றதில்ல, ஏன்னா பக்கத்துல எந்த வார்த்தை வருதுன்னு பாத்தே உங்க நாக்குக்கு தெரிஞ்சுருது. தண்ணி பக்கத்துல வந்தா இது, ஆசியா பக்கத்துல வந்தா அது. இங்கிலீஷ்காரங்க லீட்டையும் லெட்டையும் பிரிக்கிறதும் அச்சு அசல் இப்படித்தான். அவங்க மூளையிலயும் தனியா ரூல் எதுவும் ஓடல.

உங்க டிபார்ட்மென்ட்டுக்குள்ளயே ரெண்டும் இருக்கு

நீங்க மாட்டிக்கிட்டதுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு, அதை அந்த ஹால்ல யாராவது ஒருத்தர் யோசிச்சிருந்தா சிரிச்சிருக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரின்னா இந்த ரெண்டு வார்த்தையும் ஒரே ரூம்ல சுத்துற இடம். ஈசிஜி எடுக்கும்போது லிம்ப் லீட், செஸ்ட் லீட்னு சொல்றாங்க, அது லீட், ஏன்னா அது இதயத்துல ஓடுற மின்சாரத்தை மிஷினுக்கு வழிநடத்திக் கொண்டுவர்ற விஷயம். பேஸ்மேக்கர்லருந்து இதயத்துக்குள்ள போற ஒயர், அதுவும் லீட். நீங்க போட்டுக்கிற ஏப்ரன், ரூம் கதவுல அடிச்சிருக்கிற ஷீட், பாத்துக்கிட்டே பட்டன் அமுக்குற கண்ணாடி, ஃபிலிம்ல லெஃப்ட் ரைட் காட்டுற சின்ன மார்க்கர், இதெல்லாம் அந்த உலோகத்தால ஆனது, இல்ல அந்த உலோகம் கலந்தது, அதனால லெட் ஏப்ரன், லெட் ஷீட், லெட் கிளாஸ், லெட் மார்க்கர். அப்ப பேஸ்மேக்கர் வச்ச பேஷன்ட்டுக்கு லீட் சரியான இடத்துல உக்காந்திருக்கான்னு பாக்க செஸ்ட் எக்ஸ்ரே எடுக்கிற அன்னைக்கு, நீங்க லெட் ஏப்ரன் போட்டுக்கிட்டு பேஷன்ட்டோட லீட்டை படம் எடுக்குறீங்க. பக்கத்து ரூம்ல நாள் முழுக்க "லீட் கழண்டுருச்சு, லீட் மாத்து"ன்னு காதுல விழுந்துக்கிட்டே இருக்கிற ஒருத்தங்க ஏப்ரனையும் லீட்னு படிக்கிறதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல.

ஈசிஜி பத்தி இன்னொண்ணு, இது நெறைய பேருக்கு தெரியாது. 12 லீட் ஈசிஜின்னு சொல்றோம், ஆனா உடம்புல ஒட்டுறது 10 எலக்ட்ரோடுதான். ஒயரை எண்ணிப் பாத்தா பத்துதான் வரும். அங்க லீட்னா ஒயர்னு மட்டும் அர்த்தமில்ல, எந்த திசையிலருந்து இதயத்தை பாக்குறோம்ங்கற பார்வைக்கும் லீட்னுதான் பேர், அந்த பத்தை வச்சு பன்னெண்டு பார்வை எடுக்குறாங்க. முதல் மூணு பார்வையை வகுத்தவர் ஐந்தோவன், 1924ல நோபல் பரிசு வாங்கினவர். இப்படி ஒரு லீட்டுக்குள்ளயே அர்த்தம் கிளை விட்டு கிளை போகுது.

உலோகத்தோட பக்கம் போனா அதுக்கும் ஒரு குடும்பம் இருக்கு. வேதியியல்ல இதோட குறியீடு பி பி, அணு எண் 82, அந்த பி பி எங்கிருந்து வந்துச்சுன்னா லத்தீன்ல இதுக்கு பிளம்பம்னு பேர், ரோமாபுரியில தண்ணிக் குழாயை இதுலதான் செஞ்சாங்க, குழாய் வேலை பாக்குறவரை நாம இன்னைக்கும் பிளம்பர்னு கூப்பிடுறதுக்கு அந்த ஈயம்தான் காரணம். கார் பேட்டரியை லெட் ஆசிட் பேட்டரின்னு சொல்லணும். பெட்ரோல் பங்க்ல முன்னாடி அன்லெடட்னு போர்டு பாத்திருப்பீங்க, ஈயம் கலக்காத பெட்ரோல், 2000ல நம்ம நாடு முழுக்க அதுக்கு மாறிட்டோம். பெயின்ட் டப்பாவுல போட்டிருக்கிறதும் இந்த லெட்தான், வீட்டு பெயின்ட்ல பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல ஈயம் இருக்கக்கூடாதுன்னு 2016ல ரூல் போட்டாங்க. பென்சில் லெட்னு சொல்றோமே, அதுல ஈயம் துளிகூட கிடையாது, கிராஃபைட்டும் களிமண்ணும்தான், ஆரம்பத்துல கிராஃபைட்டை ஒரு வகை ஈயம்னு நெனச்சு வச்ச பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு.

ஈயம்னு நான் எழுதுறதுலயும் ஒரு எச்சரிக்கை சொல்லிடுறேன், ஏன்னா நீங்க பேஷன்ட்டுக்கு தமிழ்ல விளக்குற ஆள். நம்ம ஊர்ல ஈயம்ங்கற ஒரே சொல் ரெண்டு உலோகத்துக்கு ஓடுது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ள பூசுற ஈயமும் வெள்ளீயம், இங்கிலீஷ்ல டின். ஏப்ரன்ல இருக்கிறது காரீயம், அது உடம்புக்குள்ள போனா விஷம். அதனால "இந்த ஏப்ரன் ஈயம்"னு ஒரு அம்மாகிட்ட சொன்னீங்கன்னா அவங்க ரசச் சொம்பை நெனச்சுக்க வாய்ப்பிருக்கு, காரீயம்னே சொல்லுங்க.

ரூல் இருக்கா?

உங்க ஃபிரண்டு ஒருத்தங்க, "பெயர்ச்சொல்லா வந்தா லெட், வினைச்சொல்லா வந்தா லீட்"னு ஒரு ரூல் சொல்லிக் குடுத்ததா எழுதியிருக்கீங்க. நல்ல மனசோட சொன்னதுதான், ஆனா அது தப்பு, தயவுசெஞ்சு மறந்துருங்க. லீட் பெயர்ச்சொல்லா ஏகப்பட்ட இடத்துல வருது. டீம் லீட், மேட்ச்ல முப்பது ரன் லீட், சினிமாவுல லீட் ரோல், போலீஸுக்கு கிடைக்கிற துப்பு ஒரு லீட், சேல்ஸ்காரங்க துரத்துற வாடிக்கையாளர் ஒரு லீட், ஆர்டர் குடுத்து பொருள் வர்ற வரைக்கும் ஆகுற லீட் டைம், நாய் கழுத்துல கட்டுற வாரைக்கூட இங்கிலாந்துல லீட்னு சொல்றாங்க, உங்க ஈசிஜி லீட்டும் பெயர்ச்சொல்தான். அந்த ரூலை நம்பினா இது அத்தனையும் லெட் ஆயிரும். ரெக்கார்ட் மாதிரி சில வார்த்தைக்குத்தான் அந்த பெயர்ச்சொல் வினைச்சொல் கணக்கு ஓடும், பெயரா வந்தா முதல்ல அழுத்தம், வினையா வந்தா பின்னாடி அழுத்தம், அதை இதோட கலந்துட்டாங்க உங்க ஃபிரண்டு.

நான் என் ஸ்டூடன்ட்ஸுக்கு சொல்றது ஒரே ஒரு கேள்விதான்: எடை போட முடியுமா? தராசுல வைக்கிற உலோகத்தை பத்தின பேச்சா இருந்தா லெட், ஆள், வழி, முன்னிலை, ஒயர், துப்பு இதையெல்லாம் பத்தின பேச்சா இருந்தா லீட். இந்த கேள்விகூட ஆரம்பத்துல கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் நம்ம கண்டம், பந்தம் மாதிரி ஜோடி ஜோடியா நாக்குல ஏத்திக்கணும். தனியா "லெட்"னு மனப்பாடம் பண்ணாதீங்க, "லெட் ஏப்ரன்"னு ஒரே மூச்சுல சொல்லிப் பழகுங்க, அதே மாதிரி "லீட் எ டீம்". நீங்க இன்டர்வியூல தடுக்கினதே தனியா ஒரு சத்தத்தை மட்டும் திருத்திக்கிட்டுப் போனதாலதான், அது எந்த வார்த்தையோட வரும்ங்கறதை யாரும் உங்களுக்கு சொல்லித் தரல, சிரிச்சதோட வேலை முடிஞ்சுதுன்னு விட்டுட்டாங்க.

இன்னொரு நுணுக்கம், இதை எந்த கோர்ஸ்லயும் நம்ம ஆளுங்களுக்கு சொல்றதில்ல. தமிழ்ல நான் "லெட்"னு எழுதும்போது அந்த கடைசி ட் பாட்டுல வர்ற ட் இல்ல, வண்டியில வர்ற ட மாதிரி மெத்துன்னு முடியணும். பாட்டுல வர்ற மாதிரி அழுத்திட்டீங்கன்னா கேக்குறவங்களுக்கு அது "விடு"ங்கற அர்த்தம் வர்ற வேற லெட்டா கேக்கும். கடைசியில "உ" சேத்து லெட்டு, லீட்டுன்னும் முடிக்காதீங்க. முப்பது செகண்ட்ல பழகிரும், ஃபோன்ல டிக்ஷனரி ஆப்ல ஸ்பீக்கர் படம் இருக்கும், அதை அமுக்கி கேட்டு கூடவே சொல்லுங்க.

இது வெறும் மானப் பிரச்சனை மட்டும் இல்லைங்கறதால இன்னும் ரெண்டு வரி. பேட்டரி பட்டறையில வேலை பாக்குற ஒருத்தருக்கு ரத்தத்துல ஈயம் எவ்வளவு இருக்குன்னு பாக்குற டெஸ்ட் எழுதுறாங்கன்னு வைங்க, ஃபோன்ல வாய்வழியா சொன்னா லீட்டா லெட்டான்னு குழப்பம் வரலாம். உங்களுக்கு சந்தேகமா இருந்தா "காரீயம் டெஸ்ட்தானே டாக்டர்?"னு திருப்பிக் கேட்டுக்குங்க. திருப்பிக் கேக்குறது ஆஸ்பத்திரியில நல்ல பழக்கம், இங்கிலீஷ் வராததோட அடையாளம் இல்ல.

ரெஸ்யூமேல சுழிச்ச அந்த வரி

இது உச்சரிப்பு இல்ல, எழுத்து சமாச்சாரம். நடத்துறேன்னா எல் இ ஏ டி. நடத்தினேன்னா எல் இ டி, நடுவுல ஏ கிடையாது, சத்தம் லெட். நீங்க ஏ சேத்து எழுதிட்டீங்க. ஏன் இந்த தப்பு வருதுன்னா ரீட்ங்கற வார்த்தை நம்மளை ஏமாத்துது, படிக்கிறேன்னா ரீட், படிச்சேன்னா ரெட், ரெண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங், அதே மாதிரிதான் லீட்டும்னு மனசு முடிவு பண்ணிருது. போதாததுக்கு உலோகமும் லெட்னு அதே சத்தத்துல ஏ வச்சு நிக்குது. கம்ப்யூட்டரும் நிறைய நேரம் சிவப்புக் கோடு போடாது, ஏன்னா ஏ வச்ச வார்த்தையும் டிக்ஷனரியில இருக்கு. இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் பொறந்து வளர்ந்தவங்க ரொம்ப சகஜமா பண்ற தப்பு இது. ஏமாத்தப்பட்டாருன்னு சொல்ற மிஸ்லெட்ங்கற வார்த்தையை அவங்கள்ல நெறைய பேர் புஸ்தகத்துல பாத்து மனசுக்குள்ள "மைசில்டு"ன்னு வருஷக்கணக்கா படிச்சிட்டு, அப்புறம் ஒருநாள் திடுக்கிட்டிருக்காங்க.

இன்னொண்ணு சொல்றேன், இதை அந்த ஹால்ல சிரிச்சவங்களும் தெரிஞ்சுக்கணும். 1968ல லண்டன்ல நாலு பேர் ஒரு ராக் குரூப் ஆரம்பிச்சாங்க. ஈயத்துல செஞ்ச பலூன் மாதிரி விழுந்துரும்னு ஒரு இங்கிலீஷ் வழக்கு உண்டு, அதுலருந்து எடுத்து பேர் வச்சாங்க. உலோகத்துக்கு உண்டான ஸ்பெல்லிங்ல எழுதினா ஜனங்க "லீட்"னு படிச்சிருவாங்களோன்னு பயந்து நடுவுல இருந்த ஏவை வேணும்னே எடுத்துட்டாங்க. உலகம் முழுக்க தெரிஞ்ச லெட் செப்பலின் அதுதான். இங்கிலீஷ் தாய்மொழியா பேசுற ஜனங்களே தப்பா படிச்சிருவாங்கன்னு நெனச்சு ஸ்பெல்லிங்கையே மாத்தினாங்கம்மா. அமெரிக்க பத்திரிகை ஆபீஸ்லயும் செய்தியோட முதல் பத்திக்கு லீட்னு பேர், அதை உலோகத்தோட குழப்பிக்காம இருக்க எல் இ டி இன்னு தனியா ஒரு ஸ்பெல்லிங் வச்சிருக்காங்க. நீங்க தடுக்கின கல்லுல இங்கிலீஷ்காரங்களும் தடுக்கியிருக்காங்க. தமிழ் மீடியம் மேல பழி போடாதீங்க.

கோர்ஸ், புகார், வேலை

28,000 ரூபா கோர்ஸ் பத்தி கேட்டீங்க. என் அபிப்பிராயம், இப்ப வேண்டாம். நீங்க அனுப்பின நோட்டீஸை பாத்தேன், ஆக்சென்ட், பர்சனாலிட்டி, குரூப் டிஸ்கஷன்னு இருக்கு, உங்களுக்கு தேவையானது அதுல இல்ல. அமெரிக்கன் மாதிரி பேசினா ஏப்ரனை லீட்னு சொல்ற தப்பு போகாது. உங்களுக்கு வேண்டியது உங்க வேலையில வர்ற முப்பது நாப்பது வார்த்தை. டேர்னா கிழிசல், லிகமென்ட் டேர், அதே எழுத்து கண்ணீரா இருந்தா டியர். ஊண்ட்னா காயம், அதே எழுத்து கட்டு சுத்தினதை சொன்னா வௌண்ட். நிமிஷம்னா மினிட், ரொம்ப சின்னதுன்னா மைன்யூட், ரிப்போர்ட்ல மைன்யூட் ஃபிராக்சர்னு வரும். செல்லாத பில்லுன்னா இன்வேலிட், படுத்த படுக்கையா இருக்கிறவரை பழைய வழக்குல சொன்னா இன்வலிட். இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்ல ஜோடியா எழுதி, நைட் டியூட்டியில ஆள் இல்லாதப்ப ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. ரெண்டு மாசம் இப்படி செஞ்சும் பேச்சு வரலேன்னு தோணுச்சுன்னா அப்ப ஒரு கிளாஸ் பாக்கலாம், அப்பவும் மொத்தமா பணம் கட்டாதீங்க, ஒரு டெமோ கிளாஸ் உக்காருங்க, நடுவுல நின்னா பணம் திரும்பி வருமான்னு எழுத்துல வாங்கிக்குங்க.

புகார் விஷயத்துல உங்களை கொஞ்சம் திருத்தணும். ஆஸ்பத்திரியில இருக்கிற அந்த கமிட்டி 2013 சட்டப்படி அமைச்சது, அது பாலியல் தொந்தரவை விசாரிக்கிற கமிட்டி. இங்கிலீஷ் உச்சரிப்பை கிண்டல் பண்றது அதுக்குள்ள வராது. அந்த "மேடம்"ங்கற பட்டப்பேரோட உடம்பை பத்தியோ பொண்ணுங்கறதை வச்சு ஆபாசமாவோ பேச்சு வந்திருந்தா கதை வேற, அப்ப தயங்காம போங்க, பொதுவா மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும். வெறும் கிண்டல்னா ஹெச்.ஆர்., இல்ல உங்க டிபார்ட்மென்ட் இன்சார்ஜ். அதுக்கும் முன்னாடி ஒரு படி இருக்கு, அந்த ரெண்டு மூணு பேர்ல யார் கொஞ்சம் பேசக்கூடியவங்களோ அவங்களை தனியா கூப்பிட்டு, "எனக்கு அது கஷ்டமா இருக்கு, இனிமே அப்படி கூப்பிடாதீங்க"ன்னு ஒரே தடவை நேரா சொல்லுங்க. நிறைய பேருக்கு அது வலிக்குதுன்னே தெரியாது, ஏன்னா நீங்களும் இத்தனை நாளா சிரிச்சு சமாளிச்சிருக்கீங்க. சொன்ன பிறகும் தொடர்ந்தா தேதி, இடம், யார் இருந்தாங்கன்னு குறிச்சு வச்சுக்கிட்டு இன்சார்ஜுக்கு மெயில்ல போடுங்க. வாய்ப்பேச்சா போற புகார் காத்துல போயிரும்.

அந்த சீனியர் டாக்டர்கிட்ட போய் பேசணுமான்னு கேட்டா, எனக்கு மனசு ரெண்டா இருக்கு. அவர் பண்ணது தப்பு, ஒரு டெக்னீஷியனை அத்தனை பேர் முன்னாடி திருத்த வேண்டிய விதம் அது இல்ல, மீட்டிங் முடிஞ்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு ஆயுசுக்கும் மறந்திருக்காது. ஆனா நீங்க வேலை மாறப் போற நேரம், ரெஃபரன்ஸுக்கு அந்த ஆஸ்பத்திரியிலதான் கேப்பாங்க. அதனால இப்போதைக்கு அவரை விட்டுருங்கன்னுதான் சொல்வேன். உங்களுக்கு மனசு ஆறலேன்னா, வேலை கைக்கு வந்த பிறகு, கடைசி நாள்ல நேர்ல பாத்து மரியாதையா சொல்லிட்டு வாங்க.

பயந்துக்கிட்டு ரெண்டாவது ரவுண்டை விட்டுறாதீங்க, இதை நான் கெஞ்சியே கேக்குறேன். நீங்க தடுக்கினதை, எழுத்துல இருந்த தப்பை, ரெண்டையும் கண்ணால பாத்துட்டுத்தான் அவங்க உங்களை திரும்ப கூப்பிட்டிருக்காங்க. ஏன்னு உங்க லெட்டர்லயே இருக்கு. ஏப்ரனை மடிச்சு வச்சா உள்ள விரிசல் விடும், வெளிய துணி நல்லாத்தான் தெரியும், அதனால ஹேங்கர்ல மாட்டணும், ஃபுளோரோவுல, அதாவது ஓடுற எக்ஸ்ரே படத்துல வச்சு விரிசல் பாக்கணும், சேர் மேல போட்டு வைக்கிறவங்களை நான் திட்டுவேன்னு எழுதியிருக்கீங்க. உடம்புல எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு அளக்கிற டி.எல்.டி. பேட்ஜை மறக்காம ஏப்ரனுக்கு உள்ள மாட்டச் சொல்லி புது பசங்களை துரத்துறீங்க. அந்த ஹால்ல வார்த்தையை சரியா சொல்லத் தெரிஞ்ச எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரெண்டாவது ரவுண்டுல கண்டிப்பா "உங்களை பத்தி சொல்லுங்க"ன்னு வரும். ரெஸ்யூமேல அந்த வரியில இருக்கிற ஏவை முதல்ல எடுத்துட்டு பிரின்ட் போடுங்க. அப்புறம் இந்த மூணு வாக்கியத்தை தினம் காலையில பத்து தடவை, மெதுவா, வாய்விட்டு: "ஐ லெட் தி நைட் ஷிஃப்ட் ஃபார் டூ இயர்ஸ். ஐ செக் எவ்ரி லெட் ஏப்ரன் ஃபார் கிராக்ஸ். நவ் ஐ வான்ட் டு லீட் எ டீம்." முதல்ல வர்ற லெட் நடத்தினது, ரெண்டாவது உலோகம், மூணாவது நடத்தப் போறது. நடுவுல தடுக்கினா நிறுத்திட்டு "சாரி, லெட்"னு திருத்திச் சொல்லி மேல போங்க, அதுக்காக யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க. இன்டர்வியூ முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே எனக்கு ரெண்டு வரி எழுதிப் போடுங்க, நான் காத்துக்கிட்டு இருப்பேன்.